சினிமாப் பாட்டு கிடையாது

2004, பிப்ரவரி 11, புதன்

மாசி இன்னும் பிறக்கவில்லை, வெயில் பிறந்துவிட்டது. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. தெருவில் குடங்கள் மட்டும் வரிசையில். ஆட்கள் அவரவர் வீட்டில்.

இன்றைய வேலை:
நோட்டீஸ் ஜெராக்ஸ்.
அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.
ரோஹனுக்குப் பதில் மெயில்.
கிட்டாரில் இரண்டாவது கம்பி அறுந்திருக்கிறது. மதுரைக்குப் போனால்தான் கிடைக்கும். போகப் போவதில்லை.

ரோஹனின் மெயிலைச் சென்டர் திறந்ததும் படித்தேன். படித்துவிட்டு மூடினேன். மறுபடி திறந்தேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவள் இப்படிச் செய்தால் ப்ரௌசிங் சென்டர் உருப்பட்ட மாதிரிதான்.

25-ஆம் தேதி வருவது உறுதி. திருச்சியில் வாசித்துவிட்டு, கொடைக்கானலுக்குப் போகிற வழியில் திண்டுக்கல். மாலை ஆறு மணி, எங்கள் சர்ச்சின் பங்கு ஹால். நாலு பையன்கள், ஒரு வேன். குழுவின் பெயர் 'பேப்பர் பஸ்', பெங்களூர். ரோஹன் அதில் பாடுகிறவன், மெயிலில் மட்டும் பழக்கம். இவர்கள் பாட்டு ஒன்றை இறக்குவதற்கு எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. பாதியில் யாரோ போன் போட்டு இணைப்பு அறுந்து, திரும்ப முதலிலிருந்து.

மெயிலின் கடைசியில் ஒரு வரி. 'நீயும் பாட்டு எழுதுவதாகச் சொன்னாயே. எங்களுக்கு முன்னால் இரண்டு பாட்டு பாடு.'

சும்மா பேச்சுவாக்கில் எழுதியிருந்தேன். ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. ஹால் 'இளைஞர் இசை நிகழ்ச்சி'க்கு என்று மட்டும் அப்பாவுக்குத் தெரியும். அவர் பங்குப் பேரவைச் செயலாளர். அவர் கையெழுத்தில்தான் ஹால் கிடைத்தது.

பிப். 12, வியாழன்

வெயில். தைலம் வாங்க மறந்தேன். அம்மா முட்டியைத் தடவிக்காட்டினாள்.

மைக் செட் பஷீர் அண்ணன் வந்து நோட்டீஸை வாசித்தார். முழுவதும் இதுதான்: 'பெங்களூர் பேப்பர் பஸ் குழுவினர். 25 புதன் மாலை 6. பங்கு ஹால். அனுமதி இலவசம். எல்லாம் சொந்தப் பாட்டு. சினிமாப் பாட்டு கிடையாது.'

"தங்கச்சி, கடைசி வரிய எடுத்துரு."

"ஏண்ணே?"

"கல்யாண வீட்டு வாசல்ல போயி, சாப்பாடு கெடையாதுன்னு போர்டு வைப்பாகளா? எவன் வருவான்?"

"இல்லைன்னா வந்து உக்காந்துக்கிட்டு சீட்டு எழுதிக் குடுப்பாங்கண்ணே."

அவருக்கும் அது தெரியும். போன வருஷம் ஒரு காலேஜ் விழாவில் அவருடைய மைக் செட்தான். மெட்ராஸிலிருந்து ஒரு குழு. மூன்று பேர், சொந்தப் பாட்டு. கேள்விப்பட்டு நானும் போய்ப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் மேடைக்குச் சீட்டு வர ஆரம்பித்தது. மெல்லிசைக் கச்சேரி என்றால் இங்கே அதுதான் வழக்கம்: பிடித்த சினிமாப் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் பாட வேண்டும். பாடகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஏதோ பாராட்டு என்று நினைத்து ஒவ்வொரு சீட்டுக்கும் கும்பிடு போட்டான். கடைசியில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள்.

கடைசி வரியை எடுக்கவில்லை.

ஒட்டிய இடங்கள்: பஸ் ஸ்டாண்டு டீக்கடை, இரண்டு காலேஜ் வாசல், சென்டர் கண்ணாடி. மிச்சத்தைப் பஷீர் அண்ணன் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறி சீட்டு முதுகில் ஒட்டிவிட்டு வந்தார். குஜிலியம்பாறையில் யார் ராக் கேட்கப் போகிறார்கள்? சோளக்கொல்லை பொம்மையா? "மிச்சமானத என்ன செய்ய? அந்தப் பஸ்ஸு நின்னுச்சு, ஒட்டிட்டேன்" என்றார்.

பிப். 14, சனி

சென்டரில் கூட்டம். பையன்கள் எல்லாரும் ரோஜாப்பூப் படம் தேடுகிறார்கள். ஒருவன் என்னிடமே "அக்கா, இதயம் ரெண்டா ஒடையாம ஒண்ணா இருக்குற மாதிரி படம் எடுத்துக் குடுங்க" என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டம் குறைந்தபின் பாட்டைச் சரி பார்த்தேன். குடம் பாட்டு.

வரிசையில நிக்குது என் குடம்
நான் எங்கேயோ நிக்கிறேன்

இதற்குமேல் இரண்டாம் சரணம் வரமாட்டேன் என்கிறது. மூன்று பாட்டு வைத்திருக்கிறேன். இருபத்தாறு வயதுக்கு மூன்று பாட்டு. பாடகர் குழுவில் பன்னிரண்டு வயதிலிருந்து பாடுகிறேன், எல்லாம் ஆண்டவருக்கு. வெளியே பாடினால் சினிமா. இரண்டும் இல்லாமல் ஒருத்தி தன் பாட்டைத் தானே பாடலாம் என்பதே வத்தலக்குண்டில்தான் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வ.குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நல்ல மழை. கொடைக்கானல் ரோட்டில் மண் சரிந்து வண்டி எல்லாம் நின்றுவிட்டது. எதிர் லாட்ஜின் மாடியிலிருந்து சத்தம். மேலே போய்க் கதவருகே நின்று பார்த்தேன். மலைக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு குழு, பொழுது போகாமல் கூட்ட ஹாலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு இரண்டு லாரி டிரைவர்கள், ஒரு ரூம் பையன், மைக் செட் கொண்டுவந்த பஷீர் அண்ணன். அவ்வளவுதான் சபை. பாடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு, யாருமே இல்லாத மாதிரியும் ஊரே இருக்கிற மாதிரியும் பாடினான். "இது எந்தப் படம்ணே?" என்று பஷீர் அண்ணனைக் கேட்டேன். "படமே இல்லமா. அவுகளே எழுதுனதாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டு அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. அவர்களே எழுதியது, அதுதான் காரணம்.

ஒரே ஒரு தடவை நானும் அப்படிப் பாட வேண்டும். என் ஊரில், கேட்பதற்கென்றே வந்த நாலு பேர் முன்னால். அதற்குமேல் ஆசை இல்லை.

பிப். 15, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த காய்ந்த குருத்தோலையை உருவினாள்.

"எதுக்கும்மா அத எடுக்குற?"

"பழைய குருத்தோலைய கொண்டாந்து குடுக்கச் சொல்லி பூசையில சொன்னாகல்ல? நீ எங்க கேட்ட, பாட்டு புக்கைப் பொரட்டிக்கிட்டு இருந்த."

"எதுக்குக் கேக்குறாங்க?"

"எரிச்சுச் சாம்பல் எடுக்கத்தேன். வர்ற புதன் விட்டு அடுத்த புதன் வெபூதியில்ல?"

வர்ற புதன் 18. அடுத்தது 25.

விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். ஒருசந்தி என்று ஒரு வேளைச் சாப்பாடு, சுத்தபோசனம் என்று கறி கிடையாது, கோயிலில் பூ கிடையாது, கல்யாணம் கிடையாது, பாடகர் குழு கிட்டார்கூட அலமாரிக்குள் போய்விடும். அன்றைக்குப் போய்ப் பங்கு ஹாலில் டிரம்ஸ்.

ஜனவரியில் தேதி எழுதியவள் நான். பெங்களூர்க்காரர்களின் வசதியைப் பார்த்தேன், வீட்டுக் காலண்டரைப் பார்க்கவில்லை. பங்குச் சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர், "எழுதி வச்சிரும்மா" என்றார். அப்பா கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று பேர், மூவரும் ஞாயிறு தவறாத வேதக்காரர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. இதே ஒரு இந்து வீட்டுப் பெண்ணாக இருந்தால் பஞ்சாங்கம் பார்த்திருப்பாள்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். குழு, டிரம்ஸ், நான் பாடுவது.

சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேரவைச் செயலாளர் மக, வெபூதி அன்னைக்கு ஆட்டம் போட ஹாலு எடுத்திருக்கா. நல்லாருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு பேசவில்லை. அப்பா பேச்சை நிறுத்தினால் நிறுத்தியதுதான். கணக்கு வாத்தியார். மிச்சம் வைக்க மாட்டார்.

பிப். 16, திங்கள்

சாமியாரைப் பார்த்தேன். திட்டுவார் என்று போனேன். காப்பி கொடுத்தார். "என் மேலயும் தப்பு இருக்கும்மா. ஈஸ்டருக்குப் பெறகு வச்சுக்க. நானே மொத வரிசையில உக்காந்து கேக்குறேன்."

இப்படிப் பேசுகிறவரிடம் கோபப்படவும் முடியாது.

ரோஹனுக்கு மெயில்: தேதி மாற்ற முடியுமா?

பிப். 17, செவ்வாய்

பதில்: முடியாது. 26 காலை கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விழா. அதோடு டூர் முடிகிறது. கிட்டார் வாசிப்பவன் மார்ச்சில் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான். அதற்குப் பிறகு குழு இருக்குமா என்றே தெரியவில்லையாம். 'எந்த இடமானாலும் சரி. ஷெட் ஆனாலும் சரி' என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு என்ன, ஷெட் பார்த்தவனா.

ஈஸ்டருக்குப் பிறகு ஹால் இருக்கும், சாமியார் இருப்பார், முதல் வரிசை இருக்கும். பாட ஆள் இருக்காது.

அம்மா: "விட்டுரு பாப்பா. நம்மூருக்கு இதெல்லாம் எதுக்கு?" நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதும் கோபம் வந்தது.

பிப். 19, வியாழன்

இரண்டு நாளாக மண்டபம் மண்டபமாக அலைச்சல். செருப்பு வார் அறுந்தது.

முதல் மண்டபம்: முகூர்த்தம்.
இரண்டாவது: முகூர்த்தம்.
மூன்றாவது மேனேஜர்: "கச்சேரின்னா பொண்ணு வீடா, மாப்ள வீடா?" ரெண்டும் இல்லை என்றேன். "அப்ப எதுக்குமா கச்சேரி?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

பஷீர் அண்ணனின் மைக் செட்டும் போச்சு. மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டியாகிவிட்டது, தெருவுக்குத் தெரு பந்தல். "மாசி மாசத்துல எங்கிட்ட ஒரு கொழா ஸ்பீக்கரு மிஞ்சாது தங்கச்சி. ஒங்க ஹாலுல சொந்தமா செட்டு இருக்குன்னுதானே சும்மா இருந்தேன்?"

சென்டருக்கு வந்தால், ஒருத்தன் கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "கானாவாக்கா?" என்றான்.

"இல்ல. ராக்கு."

"அப்டின்னா?"

"சத்தமா இருக்கும்."

"அது நம்ம மாரியம்மன் கோயில்லயே இருக்கேக்கா."

பிப். 21, சனி

பஷீர் அண்ணனின் மாமு ஒருவருக்கு பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு, தோல் பதனிடுகிற இடம். மூடிக் கிடக்கிறது. தொட்டிகள் காய்ந்து வருஷக்கணக்காகிவிட்டன, நாற்றம் மட்டும் போகவில்லை. பெரிய ஷெட், தகரக் கூரை. அதைக் கேட்கலாம் என்று இரண்டு பேரும் போனோம்.

மாமு நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எல்லாம் கேட்டுக்கொண்டு, "இன்னைக்கோ நாளைக்கோ பொறை தெரிஞ்சிரும். மொஹரம். பத்து நாளைக்கு நாங்க பாட்டு, மோளம் வச்சுக்கிறதில்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. எங்களுக்குத் தவக்காலம், அவர்களுக்கு மொஹரம், மாரியம்மனுக்கு மாசி. ஊரில் உள்ள எல்லாச் சாமியும் அந்த ஒரு வாரத்துக்குத் துண்டு போட்டாயிற்று.

மாமு பதறிவிட்டார். "ஏம்மா சிரிக்கிற? அழுதுராத." பிறகு தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "மைக்கு வேணாம். கொட்டு வேணாம். சும்மா வாயால பாடிக்கங்க. பொழுது சாயிறதுக்குள்ள முடிச்சுக்கங்க. சத்தம் ரோட்டுக்குக் கேக்கக் கூடாது."

சத்தம் ரோட்டுக்குக் கேட்காத ராக். சரி என்று தலையாட்டினேன்.

அப்பா இன்னும் பேசவில்லை. தண்ணீர் வந்தால் அம்மாவிடம், "தண்ணி வந்திருச்சுன்னு சொல்லு" என்கிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

பிப். 23, திங்கள்

வெயிலுக்குத் தலைவலி.

பஷீர் அண்ணன் வந்து கேட்டார். "ஒட்டுன நோட்டீசையெல்லாம் என்ன செய்யப் போற? கிழிக்கவா? ஹாலு கேட்டுலயாச்சும் எடம் மாறிருச்சுன்னு ஒரு பேப்பரு ஒட்டிரு தங்கச்சி. வர்றவுக ஏமாந்துருவாக."

"யாருண்ணே வரப்போறா?"

"யாராச்சும்."

"நீங்கதானே சொன்னீங்க, எவன் வருவான்னு?"

"அது பேச்சுக்குச் சொன்னது."

அவர் மனசுக்காக ஒரு தாளில் 'இடம் மாற்றம்' என்று எழுதினேன். ஐந்து மணி என்றும் ஷாப்புக்கு வழியும் எழுதினேன். ஒட்டவில்லை. விபூதி அன்று கோயிலுக்கு வருகிற அத்தனை பேரும் ஹால் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா பார்ப்பார். பேரவைக்காரர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள். அது ஒரு காரணம்.

உண்மையான காரணம், யாரும் வரப்போவதில்லை. இரண்டு வாரமாக இந்த ஊரைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கானாவாக்கா, பொண்ணு வீடா, நம்மூருக்கு இதெல்லாம் எதுக்கு. வராத ஆளுக்கு எதற்கு வழி எழுத வேண்டும்? தாளைப் பைக்குள் மடித்துப் போட்டேன்.

இரண்டாம் சரணம் வந்துவிட்டது. வரவேண்டிய நேரத்தில் வராதது.

பிப். 25, புதன்

விபூதி. வெயில். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல். அப்பா மாலைப் பூசைக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னார், எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். இன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருக்க இது எனக்கும் வசதி.

மூன்று மணிக்கு வேன் வந்தது. படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார்கள். அழுக்கு. ரோஹனுக்கு இருமல். முதல் கேள்வி ஹால் எங்கே என்பதல்ல, பிரியாணி எங்கே என்பது. கூட்டிப்போனேன். நால்வரும் இலை நிறைய வாங்கிச் சாப்பிட்டார்கள், நான் எதிரே எலுமிச்சை ஜூஸோடு. டிரம்ஸ் வாசிக்கிற கார்த்திக்குக்கு மட்டும் தமிழ் தெரியும், அம்மாவுக்கு ஒட்டன்சத்திரமாம்.

"நீங்க சாப்பிடலீங்களா?"

"ஒருசந்தி."

"நெத்தியில என்னங்க?"

"அதுக்குத்தான் ஒருசந்தி."

மற்றவர்களுக்கு அவன் இங்கிலீஷில் விளக்கினான். ரோஹன் என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கறித்துண்டை மெதுவாக ஓரத்தில் வைத்தான். நல்ல பையன். பிறகு எடுத்துச் சாப்பிட்டுவிட்டான்.

தோல் ஷாப்பு. உள்ளே நுழைந்ததும் ஒருத்தன் மூக்கைப் பொத்தினான். மைக் கிடையாது, கொட்டு கிடையாது என்பதைத் திரும்பவும் சொன்னேன். மெயிலில் எழுதியிருந்தேன், சரியாகப் படிக்கவில்லை போல. கார்த்திக் டிரம்ஸை வேனிலிருந்து இறக்கவே இல்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தொடையில் தட்டினான்.

சபை: பஷீர் அண்ணன், மாமு, ஷாப்பு வாட்ச்மேன். மாமு வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்தபடி, சத்தம் வெளியே போகிறதா என்று காவல்.

ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் நான். ரோஹனின் கிட்டார். கம்பி ஆறும் இருந்தது, பழக்கமில்லாமல் விரல் தடுமாறியது. குடம் பாட்டு முழுதாகப் பாடினேன், இரண்டாம் சரணத்தோடு. தகரக் கூரை சூட்டில் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. குரல் நன்றாகத்தான் வந்தது. முடிந்ததும் வாட்ச்மேன், "தண்ணி கஷ்டத்தப் பத்திப் பாடுறாக" என்று மாமுவிடம் சொன்னார். பஷீர் அண்ணன் கை தட்டினார். ரோஹன் நைஸ் என்றான். வார்த்தை எப்படிப் புரிந்திருக்கும்.

இரண்டாவது பாட்டு பாடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் மூன்று பாட்டு வாசித்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்க நான் இறக்கிய அந்தப் பாட்டும் அதில் ஒன்று. மெதுவாக, வீட்டில் யாரோ தூங்குகிற மாதிரி. ரோஹன் கண்ணை மூடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். ரொம்ப ராத்திரி ஆவதற்குள் மலை ஏற வேண்டுமாம்.

வேன் கிளம்பியபோது கோயில் மணி அடித்தது. மாலைப் பூசை.

நான் கேட்டது இதுதானா? என் ஊர், என் பாட்டு, மூன்று பேரோ நாலு பேரோ. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பஷீர் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். "நல்லாத்தான் பாடுன தங்கச்சி. கேக்கத்தான் ஆளில்ல" என்றார். "அதத்தானேண்ணே நான் அப்பவே சொன்னேன்" என்றேன். சொன்னதில் ஒரு திருப்திகூட இருந்தது. நான் நினைத்தபடியே நடந்துவிட்ட திருப்தி.

பசி. கஞ்சி. தூக்கம்.

பிப். 27, வெள்ளி

சுத்தபோசனம். அம்மா வாழைக்காய் வெஞ்சனம் வைத்தாள். தண்ணீர் வந்தது, நாலு குடம் பிடித்தேன்.

சிலுவைப் பாதை முடிந்து வந்த அப்பா பேசினார். என்னிடமே. பன்னிரண்டு நாளைக்குப் பிறகு. கோபம் தீர்ந்து அல்ல, இன்னொரு கோபத்தில்.

"ஏம்மா, ஹாலு இல்லைன்னு ஆனப்புறம் ஒரு பேப்பரு எழுதி ஒட்டக் கூடாதா? புதங்கெழம எனக்குப் பெரிய சங்கடமாப் போச்சு."

"என்ன சங்கடம்?"

"பூசைக்குப் போறேன், ஹாலு கேட்டுல கூட்டமா நிக்குறாக, அஞ்சு மணியில இருந்தே நிக்குறாகளாம். யாருன்னே தெரியல. நம்ம பங்குக்காரக இல்ல. இருவது பேருக்கு மேல இருக்கும். காலேஜ் பயலுக கொஞ்சம். ஒரு நர்சம்மா, வேல முடிஞ்சு அப்டியே வந்திருக்கு போல, வெள்ளச் சேலையோட. பூட்டுன கேட்டைப் புடிச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பாக்குறாக."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா, போங்கன்னேன். எங்க மாத்தியிருக்குன்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும்? நீ எங்கிட்டச் சொன்னியா?"

நீங்கள்தான் பேசவில்லையே என்று வாய்வரை வந்தது.

"சாம்பல் பூசிட்டு வெளிய வாரேன், அப்பயும் கொஞ்சப் பேரு நிக்குறாக. பயலுக கேட்டுத் திண்டுல உக்காந்து பாடிக்கிட்டு இருந்தானுக, வெரட்டி விட்டேன். ஒரு பொம்பளப் புள்ள மட்டும் போகல. தோள்ல கிட்டாரப் போட்டுக்கிட்டு."

"கிட்டாரா?"

"ஆமா. பையில போட்டு. பையின்னா உர மூட்டைச் சாக்குல தச்சது. எந்த ஊருமான்னேன். குஜிலியம்பாறைப் பக்கமாம். ஏம்மா, அம்புட்டுத் தூரத்துல இருந்து இதுக்கா வந்தன்னு கேட்டேன்."

அப்பா தண்ணீர் குடித்தார். குடித்து முடிக்கும்வரை நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சினிமாப் பாட்டு கெடையாதுன்னு போட்டிருந்துச்சு, அதான் வந்தேங்குது."

அம்மா இன்னும் கொஞ்சம் வாழைக்காய் வைக்க வந்தாள். வேண்டாம் என்றேன்.

"பேரு கேட்டீங்களாப்பா?"

"பேரு எதுக்கு? பஸ்ஸு போயிரும், கெளம்புன்னு அனுப்பி வச்சேன்."

சென்டர் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். தாள் இருக்கிறது. 'இடம் மாற்றம்.' கோயிலிலிருந்து ஷாப்புக்குப் போகும் வழி, திருப்பம் திருப்பமாக. நல்ல கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

அவள் சாக்கில் பை தைத்திருக்கிறாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ. அவளிடமும் மூன்று பாட்டு இருக்குமோ என்னவோ.

நான் வாட்ச்மேனுக்குப் பாடிக்கொண்டிருந்தேன்.

பிப். 28, சனி

வெயில். சென்டரில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு. டீக்கடை நோட்டீஸ் மேல் மாரியம்மன் பூச்சொரிதல் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்களுடையதில் 'கிடையாது' மட்டும் வெளியே தெரிகிறது.

குஜிலியம்பாறை பஸ் நின்றது. ஏறிப் பார்த்தேன். சீட்டு முதுகுகளில் பாதி கிழிந்தும் கிழியாமலும் நோட்டீஸ். ஆட்கள்: காய்க்கூடைகள், ஒரு கல்யாண வீட்டுக் கும்பல், ஆட்டுக்குட்டியோடு ஒரு அம்மா. கிட்டார் இல்லை. இருக்கும் என்று எதை நம்பி வந்தேன்?

கண்டக்டர்: "ஏறுறியாமா, எறங்குறியா? வழியில நிக்காத."

"அண்ணே, புதங்கெழம ஒரு பொண்ணு இந்த வண்டியில... சாக்குப் பையில கிட்டாரு வச்சுக்கிட்டு..."

"ஆமா, வந்துச்சு. சீட்டுல வைக்க மாட்டேன்னு கையிலயே புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கச்சேரிக்குப் போறேன்னுச்சு. திரும்புறப்பவும் நம்ம வண்டிதான்." டிக்கெட் கிழித்துக்கொண்டே பேசினார். "கச்சேரி எப்டிமா இருந்துச்சுன்னு கேட்டேன். நல்லா இருந்துச்சுண்ணேன்னு சொல்லுச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா சொல்லுச்சு?" பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவள்.

"ஆமா. ஒரு பொண்ணு பாடுனதாம், அது ரொம்ப நல்லா இருந்துச்சாம். நீ எறங்குமா, வண்டி எடுக்கணும்."

எந்த ஊரில் இறங்கினாள் என்று கேட்பதற்குள் விசில் அடித்துவிட்டார்.